பிறந்த வீட்டுக் கோடி

"தம்பி வந்து கோடி போடாம எடுக்கக் கூடாது" என்று அத்தை மறுபடியும் ஆரம்பித்ததும் பூர்ணிமாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதைத்தான் விடிந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள், அப்பாவின் அக்கா.

அம்மா மங்களாம்பிகை ஐஸ் பெட்டிக்குள் கிடந்தாள். சுமங்கலியாகப் போனவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து புதுப் புடவை, மஞ்சள், குங்குமம், பூவோடு வந்து போர்த்த வேண்டும். அந்தக் கோடிக்கு உரியவர் குடவாசலில் இருக்கும் வீரையன் மாமா. காலையிலிருந்து அடித்த ஒரு போனையும் அந்த மனுஷன் எடுக்கவில்லை.

பந்தலில் பேசியவர்கள் வேறு எரிச்சலைக் கிளப்பினார்கள். மங்களம் அதிர்ந்து பேசமாட்டாள், அப்படி ஒரு சாந்தம் என்று ஆளாளுக்கு அளந்தார்கள். சுத்தப் பொய். நம் முறைத் தண்ணீரை எவனோ திருப்பிவிட்டான் என்று மண்வெட்டியோடு வாய்க்கால் கரையில் நின்று ஊரையே நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டவள் அம்மா. அவள் வாயடைத்து நின்றது அத்தையிடம் மட்டும்தான்.

அதற்கும் மாமாதான் காரணம். பூர்ணிமாவின் காதுகுத்தில் தாய்மாமனுக்கு மாலை மரியாதை சரியாகச் செய்யவில்லை என்று முறுக்கிக்கொண்டு போனவர், அப்புறம் இந்த வாசல்படியை மிதிக்கவே இல்லை. பொறந்த வீடு இல்லாதவ என்று அத்தை வாய்க்கு வாய் குத்தினாள்.

ஆனால் அடுத்த பொங்கலுக்கே குடவாசல் பஸ்ஸில், கண்டக்டர் கையில், சீர் வந்து இறங்கியது. "கோவமெல்லாம் உங்கப்பா மேலதான். எம்மேல அவனுக்கு உசுரு" என்று சொல்லிக்கொண்டே அத்தையின் கண்ணெதிரில் கடை பரப்பினாள் அம்மா. அன்றைக்கு அவள் நடையே வேறாக இருந்தது.

அதன் பிறகு ஒரு பொங்கல்கூடத் தப்பவில்லை. புடவை, கரும்பு, மஞ்சள் கொத்து, வெல்லம், வாழைத்தார் எல்லாம் இருக்கும். குங்குமம் மட்டும் இருக்காது. ஆம்பளைக்கு அதெல்லாம் எங்கே தெரியும் என்று அம்மா சிரித்துக்கொண்டே தன் சிமிழை எடுத்துத் தட்டில் வைப்பாள்.

அப்படி உசிரை வைத்தவன் கடைசித் துணிக்கு வரமாட்டானா? பூர்ணிமாவுக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடையே வலித்தது.

போதாக்குறைக்கு ஷமீரா சித்தி. குடவாசல் பள்ளிக்கூடத்தில் அம்மாவோடு ஒரே பெஞ்சில் படித்தவள். இன்றைக்கும் குடவாசலிலேயே இருப்பவள். விடிந்ததும் வந்து தலைமாட்டில் உட்கார்ந்தவள், மடியில் வைத்த துணிப்பையைக் கீழே இறக்கவே இல்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் போதும், பையை இறுக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது போல. உயிர்த் தோழியாம், அவளுக்கே இருப்புக் கொள்ளவில்லை. போறதுன்னா போங்க சித்தி, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க என்று பூர்ணிமா வெடுக்கென்று சொல்லிவிட்டாள்.

சித்தி கோபித்துக்கொள்ளவில்லை. "இன்னும் கொஞ்சம் பாப்போம்மா. அவன் வந்து போடுறதுதான் முறை" என்றாள்.

பொழுது சாய்ந்தது. பாடை கட்டி முடித்தாயிற்று. பொறந்த வீட்டுத் துணி இல்லாமப் போகணும்னு அவ தலையில எழுதியிருக்கு என்று அத்தை ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். அம்மா உயிரோடு இருந்தபோது குத்தியது போதாது போலிருக்கிறது. பூர்ணிமா விடுவிடுவென்று கொல்லைப்பக்கம் போய் மறுபடி போன் அடித்தாள். இந்த முறை மாமா எடுத்தார்.

"வருஷம் தவறாம சீர் அனுப்பத் தெரிஞ்சுது. இன்னிக்கு ஒரு துணி போட வரத் தெரியலையா மாமா?"

"சீரா? உன் காதுகுத்துக்கு அப்புறம் அந்த வீட்டுக்கு ஒரு முழம் பூகூட நான் அனுப்பினதில்ல. யாருகிட்ட வந்து கதை விடுற?"

போன் துண்டானது. பூர்ணிமா அதைக் காதிலிருந்து எடுக்காமலே கூடத்துக்கு வந்தாள்.

அம்மாவைப் பெட்டியிலிருந்து இறக்கிக் கிடத்தியிருந்தார்கள். ஷமீரா சித்தி எழுந்து நின்றாள். துணிப்பை காலியாகத் தரையில் கிடந்தது. கையிலிருந்த தட்டில் அரக்குக் கலர்ப் பட்டுப்புடவை, மஞ்சள் கொத்து, மல்லிகைச் சரம்.

இது எங்கேயிருந்து வந்தது என்று அத்தை கண்ணை இடுக்கினாள்.

"வீரையன்தான் குடுத்துவிட்டான். அவனால வர முடியலையாம்." சித்தி எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள். அத்தை நகர்ந்து வழிவிட்டாள்.

பூர்ணிமா தட்டையே பார்த்தாள். சித்தி அதை அவள் கையில் கொடுத்துவிட்டு, வேறு யாருக்கும் கேட்காதபடி காதோரம் குனிந்தாள்.

"குங்குமம் மட்டும் எப்பவும் உங்கம்மாவே வச்சுக்குவா. இன்னிக்கு நீ வச்சுரும்மா."