கண்டலுக்குள் நீர்நாய்

"மூச்ச மெதுவா விடுங்க. அது வாற நேரம்" என்று கணவன் ஸஜ்ஜாதின் காதுக்குள் சொன்னாள் றம்ஸியா.

ஸஜ்ஜாத் வீச்சுவலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். கிண்ணியாக் களப்பின் ஓரத்தில், கண்டல் பற்றைக்குள், முழங்காலளவு சேற்றில் இருவரும் பதுங்கியிருந்தார்கள். சுபஹுத் தொழுத கையோடு வந்தவர்கள். பொழுது இன்னும் சரியாக விடியவில்லை. கல்லெறி தூரத்தில் அவர்களுடைய நண்டுக்கூடுகள் கிடந்தன.

மூன்று கிழமையாக அந்தக் கூடுகளில் ஒரு நண்டும் தங்கவில்லை. நீர்நாயின் வேலைதான் என்றார் பக்கத்து வீட்டு ஹஸன் நானா. மஹ்ரிப் நேரம்தான் வரும், காது வலு கூர்மை, சின்னச் சத்தம் கேட்டாலும் ஓடிவிடும் என்று அதன் குணமெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் சொன்னபடி ஐந்து நாள் பின்னேரம் காத்திருந்து நுளம்புக்கு இரத்தம் கொடுத்ததுதான் மிச்சம். ஸஜ்ஜாத் மனம் விட்டுப்போனான். கூடுகளை யாருக்காவது கொடுத்துவிட்டுக் கட்டாருக்குப் போவதென்று முடிவெடுத்துவிட்டான். நாளைக்குப் பாஸ்போட்டை ஏஜென்சியில் கொடுக்க வேண்டும்.

கல்யாணம் முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. றம்ஸியாவுக்கு அவனை அனுப்ப மனமில்லை. ஒரேயொரு விடியற்காலையும் வந்து பார்க்கச் சொல்லி, மன்றாடித்தான் அவனை இழுத்து வந்திருந்தாள்.

"இண்டைக்கும் வராட்டி நான் போறதுதான். பிறகு நீ ஒண்டும் கதைக்கப்படாது."

"பிடிபட்டா நீங்க போகப்படாது."

"ஓம்."

கூட்டுப் பக்கம் பற்றை அசைந்தது. தண்ணீர் சளக்கென்றது. பிறகு கூட்டின் கம்பி கிரீச்சிட்டது.

ஸஜ்ஜாத் வலையோடு மெல்ல நகர்ந்தான். அந்த நேரம் பார்த்து மூக்குக்குள் ஒரு நுளம்பு புகுந்தது. மூக்கைப் பொத்தினான், உதட்டைக் கடித்தான், ஏலவில்லை. களப்பே அதிரத் தும்மினான். தும்மிய வாய் சும்மா இருக்குமா? பழக்கத்தில் "அல்ஹம்துலில்லாஹ்" என்று உரக்கவும் சொல்லிவிட்டது.

றம்ஸியாவுக்கு அழுகை முட்டியது. இனி எந்த நீர்நாய் நிற்கும்? ஆனாலும், தும்மியவர் இறைவனைப் புகழ்ந்தால் கேட்டவர் அவருக்கு அருள் வேண்டிப் பதில் சொல்ல வேண்டும். சின்ன வயதிலேயே நாக்கில் ஊறிப்போன வழக்கம் அது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சொல்ல வாயைத் திறந்தாள்.

அதற்குள் நண்டுக்கூட்டுப் பக்கமிருந்து, ஹஸன் நானாவின் கணீர்க் குரலில், "யர்ஹமுகல்லாஹ்" என்று நீர்நாய் பதில் சொன்னது.

"வலைய வையுங்க. போய் நீர்நாய்க்கு சலாம் சொல்லுவம்" என்று வாய்விட்டுச் சிரித்தாள் றம்ஸியா.