தாழைமுனைக்கு நாலு புள்ளி

"பத்துக்கு நாலா? தாழைமுனைக்கா? டெனிஷா, உமக்கு மனச்சாட்சி எண்டு ஒண்டு இருக்கா?"

கிருஷ்ணராஜ் மனைவியின் லெப்டொப்பைத் தன் பக்கம் திருப்பி மறுபடி படித்தான். கண் அவனை ஏமாற்றவில்லை. வெலிகமவுக்கு ஒன்பது புள்ளி, தாழைமுனைக்கு நாலு.

லெப்டொப்பும் கையுமாக ஊர் ஊராகத் தங்கி வேலை செய்யும் வெளிநாட்டவர்களுக்கென்று ஓர் இணையத்தளம். செலவு குறைந்த கடற்கரை ஊர்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டு அதில் எழுதுவதுதான் டெனிஷாவின் தொழில். அவள் கைகாட்டும் ஊரில் ஆறே மாதத்தில் கூட்டம் குவிந்துவிடும். வெள்ளவத்தை மாடிவீட்டின் சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு ஊர்களின் தலையெழுத்தையே எழுதுகிறாள் என்று கிருஷ்ணராஜ் நண்பர்களிடம் பெருமையடிப்பான்.

ஆனால் கிழக்கிலுள்ள தாழைமுனை மற்ற ஊர்களைப் போலவா? கல்யாணத்துக்கு முந்திய வருடம் அங்கே தனியே தங்கியிருந்தவளை டெங்குக் காய்ச்சல் அடித்துப் போட்டது. பக்கத்து வீட்டு மயிலம்மாதான் மடியில் கிடத்தி ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டெனிஷா அங்கே இருந்த ஒன்பது நாளும் கட்டிலடியில் பாய் போட்டுக் கிடந்தாள். அந்த மனுசி இல்லாவிட்டால் தனக்கு இன்று மனைவியே இல்லை என்பதைக் கிருஷ்ணராஜ் ஒருநாளும் மறந்ததில்லை.

கருவாடு விற்றுப் பிழைக்கும் அவளுக்கு என்ன கைமாறு செய்வது என்று தவித்துக்கொண்டிருந்தவனுக்கு, இந்தக் கட்டுரை கடவுளாகப் பார்த்துத் தந்த சந்தர்ப்பமாகப் பட்டது. ஆர்வம் தாங்காமல் போன கிழமையே அவளுக்குப் போன் எடுத்து, உங்கள் ஊருக்குத்தான் முதலிடம், இனி உங்களுக்கு நல்ல காலம் என்று சொல்லியும்விட்டான். மறுபக்கத்தில் பேச்சே இல்லை. சந்தோசத்தில் வாயடைத்துப்போனாள் என்று நினைத்து அவனுக்கும் கண் கலங்கியது.

இப்போது அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

"நெட் ஸ்லோ, கரண்ட் போகும், நுளம்புக் கடி, தெருநாய். இவ்வளவும் எழுதின நீர், அந்தச் சனத்தின்ர மனசைப் பற்றி ஒரு வரி எழுதேல்லையே?"

"எழுதினதில பொய் ஒண்டும் இல்லை," என்றாள் டெனிஷா. "இனி நீங்கள் மயிலம்மாவுக்கு ஒண்டும் சொல்லவேண்டாம். சொன்னது காணும்."

சொல்லிக்கொண்டே கட்டுரையை அனுப்பியும்விட்டாள். நன்றி கெட்டவளோடு என்ன கதை என்று அவன் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. அவளோ ஒன்றும் நடக்காததுபோல் அடுத்த இரண்டு ஊர்களை ஒப்பிட உட்கார்ந்துவிட்டாள். அது அவன் கோபத்தை இன்னும் கூட்டியது.

மூன்று கிழமை கழித்து அவனுடைய போனில் மயிலம்மாவின் பெயர் வந்தது. எடுக்கவே கூசியது. எடுத்ததும் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியவனை அவள் முடிக்க விடவில்லை.

"மகன், டெனிஷாக்கு நான் கும்பிட்டதாச் சொல்லுங்க. நீங்க போன் எடுத்த அண்டைக்கே நான் அவவுக்கு எடுத்து அழுது கேட்டமாதிரியே எங்கட ஊரக் கீழ போட்டுட்டா. அதப் படிச்சிட்டு, ஹோட்டல் கட்ட வந்த ஆள் திரும்பிப் போயிட்டாராம். எங்கள வீட்ட விட்டு எழும்பச் சொல்லி அனுப்பின கடிதத்த வீட்டுச் சொந்தக்காரரே வந்து கிழிச்சுப்போட்டார், வாடகைக்கு இருக்கிற நாங்க எட்டுக் குடும்பமும் இனி இங்கயே இருக்கலாம்."