குறை கேட்கும் கதவு

தேநீரை ஆற்றியபடியே குகநேசன் கதவுக்குப் பதில் சொன்னார். மயாமியில் ஆண்டுக்கொரு முறை அரசாங்கம் குடியேறிகளின் வாசற்கதவு வழியே குறை கேட்கும். எந்த நாட்டார் அதிகம் குறை சொல்கிறார்களோ, அவர்களுக்குத்தான் இலவச மருந்து.

"இஞ்சாருங்கோ, உங்கட இன்சுலின் முடியப்போகுதெண்டு சொல்லுங்கோ," என்றாள் மனைவி பத்மலோஜினி.

"விசரே உனக்கு? வீட்டுக் கஷ்டத்தைக் கதவுக்குச் சொல்லுறதே?" கதவின் பக்கம் திரும்பி, "எங்களுக்கு ஒரு குறையுமில்லை," என்றார்.

பக்கத்து வீட்டுக் கியூபாக்காரி யமிலே வேலிக்கு அப்பால் நின்று சிரித்தாள். "நான் முழங்கால் வலியில தொடங்கி மாமியார் வரைக்கும் அரைமணி நேரம் அழுதேன். நீங்களும் அழுங்களேன்!"

அடுத்த மாதம் வந்த மருந்துப் பட்டியலில் இலங்கைத் தமிழருக்கு இன்சுலின் இல்லை. யமிலே தனக்குக் கிடைத்த இன்சுலினில் பாதியைக் கொண்டுவந்தாள்.

"எங்களிட்டை இருக்குது, தங்கச்சி," என்று திருப்பி அனுப்பினார் குகநேசன். மார்கழியில் இறந்துபோனார்.

மறு ஆண்டு கதவு கேட்டபோது, பத்மலோஜினி ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். கணவர் செத்த விதத்தையும் சொன்னாள். தெருவில் இருந்த மற்ற நாற்பது தமிழ் வீடுகளும் வழக்கமான பதிலையே சொல்லியிருந்தன.

பட்டியல் வந்தது. இலங்கைத் தமிழர்: குறை இல்லை.