பானுவின் முட்டை

கும்மிடிப்பூண்டி தொழிற்சாலை கேன்டீனில் சாப்பாட்டு மணி அடித்து ஐந்து நிமிடம் ஆகிறது. தண்ணீர் ஜக்கில் சாய்த்து வைத்த பானுவின் செல்போனில் இளமதியின் வீடியோ ஓடுகிறது. போன வாரம் சேனல்காரர்கள் வந்து எடுத்தது. தகரக் கூரையின் ஓட்டை வழியே விழும் வெயில் வட்டம், திரையிலிருக்கும் அவள் முகத்தை வெளிறச் செய்கிறது. வீடியோவில் இளமதி ஊன்றுகோலோடு தன்னந்தனியாக கேட்டைத் தாண்டி வருகிறாள். தினமும் அவள் வருவது ஸ்கூட்டரில், பின்னால் பானுவை ஏற்றிக்கொண்டு. அன்று மட்டும் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். ஒயரில் பிசகு கண்டுபிடிப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று கேமரா முன் அரை மணி நேரம் சிரித்துச் சிரித்துப் பேசினாளே, அந்தச் சிரிப்பெல்லாம் எங்கே போயிற்று? வயலின் மட்டும் இழுத்து இழுத்து அழுகிறது.

பானு மூக்கை உறிஞ்சுகிறாள். எப்போதும் கேட்காமலே, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இளமதியின் டப்பாவில் கைவிட்டு நெத்திலிக் கருவாட்டை அள்ளுகிறவள், இன்று தன் அவித்த முட்டையை எடுத்து இவள் தட்டில் வைக்கிறாள்.

"துன்னும்மா."

அம்மாவா? காலையில்கூட 'டீ' போட்டுத்தானே கூப்பிட்டாள்?

"இன்னாடி ஆச்சு உனுக்கு? கருவாடு வேணாமா?"

"நீ துன்னு. இவ்ளோ கஷ்டப்படறன்னு எனுக்குத் தெரியாமப் பூட்ச்சே."

"தெனிக்கும் என் வண்டில குந்திக்கினுதானடி வர?"

பானு திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கோபப்படுவதா, சிரிப்பதா என்று இளமதிக்கு விளங்கவில்லை. கருவாட்டு டப்பாவை அவள் பக்கம் நகர்த்துகிறாள். பானு அதைப் பத்திரமாக இவள் பக்கமே திருப்பி நகர்த்தி வைக்கிறாள்.