வெடி பட்ட இடம்

புகை கலைவதற்குள் பொய்யைச் சொல்லிவிட்டான்.

நெஞ்சில் என்றான்.

இடியன் துவக்கு, குழல் வாய்வழியே மருந்தை இடித்து நிரப்புகிற நாட்டுத் துப்பாக்கி. வெடித்தால் அப்படித்தான். கரும்புகை முகத்துக்கு முன்னால் மறைத்து நிற்கும். பின்னால் குந்தியிருக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. மண்ணோடு மண்ணாகப் படுத்திருந்த அவனுக்கு மட்டும் புகைக்குக் கீழால் எல்லாம் தெரிந்தது.

மரை துள்ளவில்லை.

நெஞ்சில் பட்டால் முன்னால் ஒரு பாய்ச்சல் பாயும். இது முதுகைக் கூனிக்கொண்டு, வயிற்றுவலிக்காரனைப் போல மெல்ல நடந்து காட்டுக்குள் புகுந்தது. கிழட்டுக் கொம்பன். மானில் பெரிய சாதி, மாட்டளவு உடம்பு. வற்றிய குளத்தில் கடைசிச் சேற்றுத் தண்ணீரைக் குடிக்க வந்தது.

பின்னால் இருந்தவர் தில்லையம்பலம். அக்காவின் புருஷன். வன்னிக் காட்டை வீட்டு வளவு போல அறிந்தவர்.

அவர் திருப்பிக் கேட்கவில்லை.

கேட்பது அவர்களுடைய வேட்டையில் வழக்கமில்லை. வெடி வைத்தவன் சொன்ன இடம்தான் இடம். நெஞ்சு என்றால் உடனே போவார்கள். கூப்பிடு தூரத்தில் விழுந்து கிடக்கும். கழுத்தை அறுத்து அதன் வேதனையை முடித்துவிட வேண்டும். வயிறு என்றால் ஒருவரும் அசையக் கூடாது. வெற்றிலையைப் போட்டுக்கொண்டு வெயில் ஏறும்வரை இருக்க வேண்டும். அது எங்காவது படுக்கும். படுத்த இடத்திலேயே உயிரை விடும். அவசரப்பட்டு எழுப்பினால் வந்தது வினை. சாகப் போகிற கொம்பனுக்கு ஓடத் தெம்பும் இல்லை, மனிதனிடம் பயமும் இல்லை. கொம்பைத்தான் தாழ்த்தும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. வயிற்றில் வைத்தவன் அந்தப் பருவம் முழுக்கத் துவக்கைத் தொடக் கூடாது. இறைச்சி சுமக்கலாம்.

போன வருடம் அவன் சுமந்தான். பொதிமாடு என்று பெயர் வைத்தார்கள். குறை சொல்வானேன், நன்றாகத்தான் சுமந்தான். கலியாணப் பேச்சு வந்த வீட்டிலும் அந்தப் பெயரைச் சொல்லி ஒருத்தி சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் இந்தப் பொய். வேறு ஒன்றுமில்லை.

அத்தான் அவன் முதுகில் தட்டினார். உன் அக்காவிடம் நானே போய்ச் சொல்கிறேன், தம்பி ஆளாகிவிட்டான் என்று சொல்கிறேன் என்றார். கத்தியை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டார். துவக்கை நிரப்பிக்கொண்டு, அவசரமில்லை, ஆறுதலாக வா என்று சொல்லிவிட்டுப் பற்றைப் புதருக்குள் குனிந்து நுழைந்தார்.

அப்போது சொல்லியிருக்கலாம்.

வாய்வரைக்கும் வந்தது. வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

தூரமாகப் போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அத்தான் தேடிக் களைத்துத் திரும்புவார், இன்றைக்கு அதிர்ஷ்டமில்லை என்று வீட்டுக்குப் போய்விடலாம். பொய்க்குப் பழகிய வாய் சொந்தக்காரனையும் விட்டுவைக்காது.

பிறகு இலையைப் பார்த்தான்.

பற்றையின் வாசலில், முழங்கால் உயரத்தில். நெஞ்சில் பட்டால் வரும் நுரை கட்டிய சிவப்பு இல்லை. கறுத்த ரத்தம், நடுவே மென்ற புல். அடுத்த செடியிலும் அதுவே. கீழே குளம்புகள் ஒரே இடத்தை மிதித்துக் குழப்பியிருந்தன.

நின்று நின்று போயிருக்கிறது. தூரம் போகிற மிருகம் இப்படி நிற்காது.

அத்தான் இந்த இலையை உரசிக்கொண்டுதான் போயிருப்பார். பார்த்திருக்க மாட்டார். அவருக்குத்தான் இடம் சொல்லியாகிவிட்டதே.

கூப்பிட்டால் மரை எழும்பும். கூப்பிடாவிட்டால் அத்தான் அதன்மேல் போய் மிதிப்பார்.

துவக்கை நிமிர்த்தினான். மருந்தைக் கொட்டினான், பாதி மண்ணில். இடியனைச் செய்தவன் அவசரக்காரனுக்காகச் செய்யவில்லை. மருந்து, அதை அடைக்கத் தும்பு, பிறகு கம்பியால் இடி. பிறகு குண்டு, மறுபடி தும்பு, மறுபடி இடி. முதல் இடியிலேயே அந்தச் சத்தம் மரத்துக்கு மரம் கேட்டது. நிறுத்திவிட்டான்.

உள்ளே சுள்ளி முறிவது கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

அவனுக்குப் பயமாக இருந்தது. காட்டுக்குள் இத்தனை வருடத்தில் இப்படிப் பயந்ததில்லை.

அக்காவின் முகம் வந்தது. அழுகிற முகம் இல்லை. விடியற்காலையில் தூக்கக் கலக்கத்தோடு இரண்டு பேருக்கும் சோறு கட்டித் தந்த முகம். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"அத்தான், வயித்திலதான் பட்டது. பொய் சொல்லிப்போட்டன். திரும்பி வாங்கோ."

உயிரைக் கொடுத்துக் கத்தினான். பொதிமாடு என்று உலகமே கூப்பிடட்டும்.



பிறகு அத்தானின் குரல் வந்தது. அவன் நினைத்ததைவிட மிகக் கிட்டவிருந்து, மிக மெல்ல. தூங்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் பேசுவது போல. கோபம் துளிகூட இல்லை.

"தெரியும் தம்பி. கண்டிட்டு நான் மெல்லப் பின்வாங்கிக்கொண்டுதான் இருந்தனான். படுத்துக் கிடந்தது. இப்ப எழும்பிட்டுது."

அவன் துவக்கைத் தோளில் வைத்து அந்தக் குரலின் பக்கம் நீட்டினான்.

துவக்கில் மருந்து இருந்தது. குண்டு அவன் கையில் இருந்தது.