குறுக்கே ஒரு கோடு

"செத்துப்போனவுகளை எப்படித் தாயி வரைவ?" என்று கேட்டார் வீரணன்.

"குறுக்கே ஒரு கோடு போட்டுருவோம் ஐயா."

நரிக்குடிக்குத் தெற்கே, கண்மாய்க் கரையை ஒட்டி அவர் வீடு. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார். என் மடியில் ஒரு தாள். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம் என்று அவர் வம்சத்தை வரைந்துகொண்டிருந்தேன்.

பெயர் செல்வி என்று சொல்லியிருந்தேன். எம்.ஏ. படிக்கிறேன், சமூக மானிடவியலும் அரசியலும் சேர்ந்த படிப்பு என்றும் சொல்லியிருந்தேன்.

படிப்பு மட்டும் பொய்யில்லை.

"அதுல என்ன சொல்லிக் குடுக்காக?"

"யாரு யாரைக் கட்டிக்கிறாக, யாரு யாருக்கு ஓட்டுப் போடுறாகன்னு..."

சிரித்தார். "ரெண்டும் ஒண்ணுதான? பொண்ணும் ஓட்டும் வெளிய போகக் கூடாது."

நானும் சிரித்தேன்.

"பிள்ளைங்க எத்தனை பேரு ஐயா?"

"ஒரு மகன்தான்."

வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த அவர் மனைவியின் கை அப்படியே நின்றது. அந்த அம்மா தலை நிமிரவில்லை.

முக்கோணம் ஒன்று வரைந்தேன்.

வீரணன் என் கையிலிருந்த பேனாவை வாங்கினார். முக்கோணத்துக்குப் பக்கத்தில், நிதானமாக, ஒரு வட்டம் போட்டார்.

பிறகு அதன் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். தாள் கிழிந்தது.

"இப்ப சரியா இருக்கா?"

எப்போது இறந்தார், எப்படி என்று அடுத்துக் கேட்க வேண்டும். வகுப்பில் அப்படித்தான் சொல்லித் தந்திருந்தார்கள்.

நான் கேட்கவில்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

வேண்டாம் என்று சொல்லியும் பஸ் நிற்கும் இடம் வரை கூடவே வந்தார். இரண்டு பக்கமும் கருவேலங்காடு. என்னை முன்னால் விட்டுப் பின்னால் நடந்தார். அவர் செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போனேன். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அருப்புக்கோட்டை பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"உங்க அண்ணன் பிரின்ஸை நான் கேட்டேன்னு சொல்லு."

பஸ் நகர்ந்தது.

எனக்கு ஓர் அண்ணன் இருப்பதையே நான் அவரிடம் சொல்லவில்லை.

உடனே வீட்டுக்குப் போன் போட்டேன். மதினி முருகலட்சுமிதான் எடுத்தாள். வீட்டுக்குத் தெரியாமல் அண்ணனோடு ஓடி வந்தவள், இப்போது நிறைமாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போக முடியுமா, கோபம் ஆறியிருக்கிறதா என்று பார்த்து வரச்சொல்லி என்னை அனுப்பியதே அவள்தான்.

"போய்ட்டியா? அப்பாவப் பாத்தியா? என்னையப் பத்தி ஏதாச்சும் சொன்னாகளா?"

குரலில் அவ்வளவு ஆசை.

"போனை அண்ணன்கிட்ட குடுங்க மதினி," என்றேன். "சீக்கிரம்."