ஹில்டிங் வாங்கிய மருந்து

மருந்துக் கடையில் தன் டோக்கன் எண் வந்ததும் ஹில்டிங் எழுந்து போய்க் கத்தினார். காது மந்தம் அவருக்கு.

"அந்த வயாகரா மருந்து வந்துடுச்சாம்மா?"

காத்திருந்த ஸ்வீடன்காரர்கள் அத்தனை பேரும் சட்டென்று கூரையைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி ஹில்டிங்கின் பக்கத்து வீட்டுக்காரி குன்வோர்; அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுபத்திரண்டு வயசு! மனைவி போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. உடனே கைபேசியை எடுத்துத் தோழி பிரிட்டாவுக்குத் தட்டிவிட்டாள்: "ஹில்டிங் வயாகரா வாங்குறாரு. எவளோ மாட்டியிருக்கா!"

"கொஞ்சம் மெதுவா பேசுங்க," கவுன்ட்டர் பெண்ணின் முகம் சிவந்தது. "அதே அளவுதானே?"

"ஆமா, ஒரு நாளைக்கு மூணு வேளை!"

மூணு வேளையா! குன்வோர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"நோயாளியோட அடையாள எண்?"

ஹில்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு துண்டுச் சீட்டைப் படித்தார். "ரெண்டாயிரத்து இருபத்தஞ்சு, மார்ச் பதினொண்ணு..."

குன்வோர் விறைத்துப்போனாள். இந்த நாட்டில் யாருடைய எண்ணும் பிறந்த தேதியில்தானே தொடங்கும்? அப்படியென்றால் எட்டு மாதக் குழந்தை!

"பேத்தி எப்படியிருக்கா?" என்றாள் கவுன்ட்டர் பெண்.

"நுரையீரல்ல ரத்தக்குழாய் சுருங்கிக் கிடந்துச்சே, இந்த மருந்துலதாம்மா விரிஞ்சுது. நேத்து ஆக்சிஜன் குழாயை எடுத்துட்டாங்க. உதட்டுல நீலமே இல்ல!"

இதையும் கத்தித்தான் சொன்னார். இந்த முறை யாரும் கூரையைப் பார்க்கவில்லை.

குன்வோரின் கைபேசி அதிர்ந்தது. "யாருடி அவ?"

குன்வோர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினாள்: "எட்டு மாசக்காரி. பிழைச்சுட்டாடி!"